காப்பு அவிழ்ந்த மறுநாள்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடைக்கென்று வழிவழியாக வந்த பொருள்கள் உண்டு. வழிபாட்டின் மேன்மை, பெற்றோரின் கடமை, தமிழ்ப்பள்ளியின் அருமை ஆகியவை அவற்றுள் சில. இன்றைய பொருளோ, பல வீடுகளில் கதவை மூடிக்கொண்டு பேசப்படுவது. குடியிலிருந்து மீள விரும்பும் ஒருவர் தம்மைப் போன்றவர்கள் கூடும் கூட்டத்தை எங்கே தேடுவது? அங்கே என்ன நடக்கும்? அவர் குடும்பத்தார் செய்யத்தக்கது யாது? ஆலயம் செய்யத்தக்கது யாது? இவையே இவ்வுரையில் ஆராயப்படுகின்றன. கேட்போருள் இது தமக்கு வேண்டாத செய்தி என்று எண்ணுவோர் இருக்கலாம். அவர்களும் அண்டை வீட்டாரை நினைத்துக் கேட்பது நலம்.

விரதத்தின் வலிமை

தைப்பூசத்திற்கு முன் 48 நாள் விரதம் பூணுவோர் இந்நாட்டில் ஏராளம். காவடியோ பால்குடமோ எடுக்க நேர்ந்துகொண்டு காப்புக் கட்டிய நாள் முதல் அவர்கள் புலாலையும் மதுவையும் அறவே ஒதுக்குகின்றனர். நாள் தவறாமல் குடித்தவர்கூட அந்நாள்களில் குடிப்பதில்லை. வீட்டிலும் அமைதி நிலவுகிறது. பிள்ளைகள் தந்தையோடு அமர்ந்து உணவு உண்கின்றனர். சம்பளப் பணம் முழுமையாக மனைவியின் கைக்கு வந்து சேர்கிறது.

நேர்த்திக்கடன் நிறைவேறுகிறது, காப்பு அவிழ்க்கப்படுகிறது. மறுநாள் மாலை நண்பர்கள் அழைக்கின்றனர். 48 நாள் கட்டுப்பாடாக இருந்தவருக்கு ஒரு நாள் மகிழ்ச்சி கூடாதா என்று கேட்கின்றனர். அந்த ஒரு நாள் ஒரு வாரமாகிறது. வாரம் மாதமாகிறது. அடுத்த தைப்பூசம் வரும்வரை அவ்வீட்டில் பழைய நிலைமையே நீடிக்கிறது.

இதனைக் கண்டோர், அவருக்குப் பக்தி போதவில்லை என்று பழிக்கின்றனர். உண்மை அதுவன்று. 48 நாள் குடிக்காதிருந்த ஒருவரிடம் உறுதி இல்லை என்று கூறுவது முறையாகாது. விரத நாள்களில் அவருக்குக் கிடைத்த துணைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எழும் நேரமும் உண்ணும் நேரமும் வரையறுக்கப்பட்டிருந்தன. மாலைதோறும் செல்வதற்கு ஓர் இடம் இருந்தது. அங்கே அதே விரதத்தை மேற்கொண்ட பத்துப் பேர் இருந்தனர். குடிக்க அழைப்பதற்கு நண்பர்களும் தயங்கினர். வீட்டாரும் அவரை மதித்து நடந்தனர். காப்பு அவிழ்ந்த மறுநாள் இத்துணைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நீங்கிவிட்டன. அவர் தனியரானார்.

ஆகவே, குறை அவர் நெஞ்சுறுதியில் மட்டும் இல்லை. 49ஆம் நாள் அவர் சென்று அமர ஓர் இடம் இல்லாமையே பெருங்குறை. அவ்விடத்தைப் பற்றியதே இவ்வுரை.

சமூகம் நடத்திய போராட்டம்

இந்நாட்டுத் தமிழர் குடியின் கொடுமையை அறியாதவர் அல்லர். இரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடைகளுக்கு இடமளிக்கப்பட்ட காலத்திலேயே அவற்றை எதிர்த்துக் குரல் எழுந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், ஊதியக் கோரிக்கையோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இடம்பெற்றது. போருக்குப்பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் தோட்டம் தோட்டமாகச் சென்று கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். எளிய பால்மரத் தொழிலாளர்கள் தம் குடும்பங்களைக் காக்க எடுத்த முயற்சிகள் அவை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். கள்ளின் இடத்தைச் சம்சுவும் மலிவு விலைப் புட்டிகளும் பிடித்துக்கொண்டன. அரசாங்கம் சட்டங்களைக் கடுமையாக்கியுள்ளது. மது வாங்குவதற்கான குறைந்த வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்தின்படி, மது அருந்தி வாகனமோட்டி உயிரிழப்பை ஏற்படுத்துவோர்க்கு 10 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

சட்டம் கடையைக் கட்டுப்படுத்தும், ஓட்டுநரைத் தண்டிக்கும். ஆயின், மாலை ஆறு மணிக்குக் கைநடுக்கத்தோடு வீட்டு வாசலில் நிற்பவருக்கு அருகில் அமர்ந்து பேசச் சட்டத்தால் இயலாது. அப்பணியைச் செய்யக்கூடியவர் ஒருவரே. அவர், அதே நடுக்கத்தைத் தாமும் கடந்து வந்தவர்.

ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்த அமைப்பு

1935ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க் நகரைச் சேர்ந்த பில் வில்சன் என்னும் பங்குத் தரகர், தொழில் நிமித்தம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகருக்குச் சென்றிருந்தார். குடியால் வாழ்வைச் சீரழித்துக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து மாதமாகக் குடிக்காதிருந்தவர் அவர். சென்ற காரியம் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த விடுதியில் ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. மதுக்கூடத்திற்குச் செல்ல மனம் தூண்டியது. அவரோ தொலைபேசியை எடுத்தார். ஊரிலுள்ள தேவாலயங்களுக்கு ஒவ்வொன்றாக அழைப்பு விடுத்தார்.

அவர் கேட்டது அறிவுரையன்று, பண உதவியுமன்று. தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளர் வேண்டும் என்றே கேட்டார். அவ்வாறு அவருக்குக் கிடைத்தவர் அவ்வூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால்மணி நேரம் மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். தாமே மருத்துவராயினும், தம்மைப் போலவே குடியால் துன்புற்ற ஒருவர் தம் கதையைச் சொல்லக் கேட்டபோதுதான் அவர் மனம் திறந்தது. அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பின் தோற்ற நாளாகக் கொள்ளப்படுகிறது. ‘ஏ.ஏ.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவ்வமைப்பு இன்று உலகில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. மலேசியாவிலும் தலைநகரிலும் வேறு சில நகரங்களிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

தமிழகத்திலும் இவ்வகைப் பணி வேரூன்றியுள்ளது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தை ஏற்படுத்தினார். குடிப்பவரோடு அவர் குடும்பத்தாருக்கும் பயிற்சி தர வேண்டும் என்பது அந்நிறுவனம் கடைப்பிடிக்கும் முறை. அம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கூட்டத்தில் நடப்பது என்ன?

கூட்டம் என்றவுடன் மேடை, மாலை, ஒலிபெருக்கி ஆகியவை நினைவுக்கு வரலாம். இக்கூட்டத்தில் அவை எவையும் இல்லை. ஓர் எளிய அறை, பத்துப் பதினைந்து நாற்காலிகள், ஒரு குவளை தேநீர் ஆகியவையே அங்கு இருக்கும். கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். உறுப்பினர் ஒருவர் வழிநடத்துவார். அமைதி வேண்டும் ஒரு சிறு பிரார்த்தனையோ சில வாசகங்களோ படிக்கப்படும். பின்னர் ஒவ்வொருவராகத் தம் அனுபவத்தைக் கூறுவர். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிப்பதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை.

புதிதாக வருபவர் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரை மட்டும் கூறிவிட்டு, இன்று கேட்க மட்டுமே வந்திருப்பதாகச் சொன்னால் போதும். முழுப்பெயரோ, அடையாள அட்டை எண்ணோ, வேலை செய்யும் இடமோ கேட்கப்படுவதில்லை. கட்டணம் இல்லை. இறுதியில் ஒரு பை அல்லது கூடை சுற்றி வரும். விரும்பிய உறுப்பினர்கள் அறை வாடகைக்கும் தேநீருக்கும் சில ரிங்கிட் போடுவர். புதியவர் ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் அதைக் கொடுத்துவிடலாம். உறுப்பினராவதற்கு வேண்டிய தகுதி ஒன்றே: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

கூட்டங்கள் இருவகைப்படும். திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தாரும் நண்பர்களும் வரலாம். மூடிய கூட்டமோ குடிப்பிரச்சினை உடையவர்க்கு மட்டும் உரியது. கணவரை அழைத்துச் செல்ல விரும்பும் மனைவி முன்கூட்டியே இதனைக் கேட்டறிந்து செல்வது நன்று.

வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யுமாறு அங்கே எவரும் வற்புறுத்துவதில்லை. இன்று ஒருநாள் குடிக்காதிருப்பதே அங்கே கொள்ளப்படும் குறிக்கோள். வாழ்நாள் என்பது மலைப்பைத் தரும் சொல். ஒருநாள் என்பது கைக்கு எட்டும் அளவு. விரதத்திற்கும் இதற்கும் வேறுபாடு இங்கேதான் உள்ளது. விரதத்திற்கு முடிவு நாள் உண்டு. இதற்கு நாள்தோறும் தொடக்கமே உண்டு.

தேடிச் செல்லும் வழி

கூட்டத்தைத் தேடுவது எப்படி? இவ்வமைப்பே தன் கூட்டங்கள் நடைபெறும் நாள், நேரம், இடம், மொழி ஆகியவற்றைப் பட்டியலிட்டு இணையத்தில் வெளியிடுகிறது. தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். இணையம் பழகாதவர் மகனிடமோ மகளிடமோ கேட்கலாம். அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். பட்டியலில் கண்ட நேரம் மாறியிருக்கக்கூடும் என்பதால், புறப்படுமுன் ஒருமுறை தொலைபேசியில் உறுதிசெய்துகொள்வது சிறந்தது. நெடுந்தொலைவு பேருந்தில் சென்று பூட்டிய கதவைக் காண்பவர் மறுமுறை செல்ல மாட்டார்.

மொழி பற்றியும் கேட்க வேண்டும். நகரங்களில் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டமே பலருக்கு முதலில் கிடைக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர் அதனால் தயங்கிப் பின்வாங்க வேண்டியதில்லை. தமிழ் பேசும் உறுப்பினர் எவரேனும் உளரா என்று தொலைபேசியிலேயே கேட்கலாம். கொள்ளைநோய்க் காலமாகிய 2020 முதல் இணையவழிக் கூட்டங்கள் பெருகியுள்ளன. தமிழகத்தில் உள்ளோர் தமிழிலேயே நடத்தும் இணையவழிக் கூட்டங்களிலும் இங்கிருந்து கலந்துகொள்ள இயலும். தமிழக நேரத்தைவிட மலேசிய நேரம் இரண்டரை மணி முன்னது. அங்கு மாலை 7 மணி என்றால் இங்கு இரவு 9.30 என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும், ஒரே ஊரில் வாழும் ஒருவரின் முகத்தை நேரில் காண்பதற்கு ஈடு இல்லை. இணையவழிக் கூட்டம் அதற்குத் துணை, மாற்றாகாது.

ஒரு தயக்கம் பற்றிக் குறிப்பிட்டாக வேண்டும். பல நாடுகளில் இக்கூட்டங்கள் தேவாலய மண்டபங்களில் நடைபெறுகின்றன. அதைக் கண்டு, இது மதமாற்ற முயற்சியோ என்று நம் மக்களுள் சிலர் அஞ்சுகின்றனர். குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கிறது என்பதே அதற்குக் காரணம். இவ்வமைப்பு எச்சமயத்தையும் சார்ந்ததன்று. அதன் பன்னிரண்டு படிகளில் தம்மினும் மேலான ஆற்றலைச் சரணடைதல் பேசப்படுகிறது. அவ்வாற்றலை அவரவர் தாம் உணர்ந்தவாறே கொள்ளலாம். முருகனை வழிபடுபவர் முருகனாகவே கொள்வார். திருநீறு அணிந்து செல்வதற்கு அங்கே தடை ஏதுமில்லை.

முதற்கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதனோடு விட்டுவிடலாகாது. ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு தன்மை உண்டு. வேறொரு நாளில் வேறொரு குழுவிற்குச் சென்று பார்க்கலாம். சில கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்ற பின்னரே முடிவெடுப்பது நியாயமானது. கூட்டம் முடிந்தவுடன் வெளியேறிவிடாமல் பத்து நிமிடம் நின்று, இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். குடிக்க வேண்டும் என்ற வேட்கை எழும்போது உதவப்போவது அவ்வெண்களே. அனுபவமிக்க உறுப்பினர் ஒருவரை வழிகாட்டியாக ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் அங்கு உண்டு.

மருத்துவரை நாடவேண்டிய நேரம்

இங்கே ஓர் எச்சரிக்கை மிகமிக இன்றியமையாதது. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வாந்தி ஆகியவை முதலில் தோன்றும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளளவில் மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இல்லாத குரல்கள் காதில் விழலாம்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் ஒருவர் இவ்வாறு நடந்துகொண்டால், அருள் வந்தது என்றோ காற்றுக் கருப்பு பிடித்தது என்றோ கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வோர் உண்டு. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தாமதம் உயிரைப் பறித்துவிடும். நாள்தோறும் குடிப்பவர் விரதம் தொடங்குமுன்பே அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, தாம் குடிக்கும் அளவை மறைக்காமல் கூறி மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது உயிர்காக்கும் செயல். தெய்வ நேர்ச்சைக்கு மருத்துவம் இழுக்காகாது.

தம் குடி எந்நிலையில் உள்ளது என்பதை அறிய உலகச் சுகாதார நிறுவனம் பத்துக் கேள்விகள் அடங்கிய ஒரு சோதனையை வகுத்துள்ளது. எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார், தொடங்கிய பின் நிறுத்த முடிகிறதா, காலையிலேயே குடிக்க வேண்டியுள்ளதா என்பன போன்ற கேள்விகள் அவை. மொத்தப் புள்ளிகள் 40. எட்டும் அதற்கு மேலும் பெறுபவர் எச்சரிக்கையடைய வேண்டும். புள்ளி கூடக் கூட மருத்துவ உதவியின் தேவையும் கூடுகிறது. மருத்துவர் இதனை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்.

கூட்டம் மருத்துவத்திற்கு மாற்றன்று. மருத்துவமும் கூட்டத்திற்கு மாற்றன்று. உடலிலிருந்து மது நீங்கச் சில நாள்களே ஆகும். வாழ்விலிருந்து அது நீங்க ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகளுக்கு உரியதே கூட்டம்.

குடும்பத்தாரின் கடமை

குடிப்பவர் ஒருவர், துன்புறுவோர் பலர். 1951இல் அமெரிக்காவில் பில் வில்சனின் துணைவியார் லோயிஸ் முன்னின்று உருவாக்கிய ‘அல்-அனான்’ என்னும் அமைப்பு, குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்றே இயங்குகிறது. கணவர் கூட்டத்திற்குச் செல்ல மறுத்தாலும் மனைவி இத்தகைய கூட்டத்திற்குத் தனியே செல்லலாம். கணவரின் குடிக்குத் தாம் காரணம் அல்லர் என்பதையும், அதைத் தம்மால் கட்டுப்படுத்தவும் இயலாது என்பதையும் அங்கே அவர் அறிந்துகொள்கிறார். பழிச்சொல் கேட்டே பழகிய பெண்ணுக்கு அந்த ஓர் அறிவே பேராறுதல்.

குடும்பத்தார் தவிர்க்க வேண்டியவை சில. குடித்திருக்கும் வேளையில் வாதிடுவதால் பயனில்லை. காலையில் தெளிந்த நேரத்தில் அமைதியாகப் பேச வேண்டும். மதுக்கடைக் கடனை அடிக்கடி அடைத்துவிடுவதும், காய்ச்சல் என்று பொய் கூறி வேலையிடத்திற்கு விடுப்புச் சொல்வதும் அன்பின் செயலாகத் தோன்றினும் நோயை வளர்க்கும். அடி உதை நேருமானால் பொறுத்துக்கொள்வது கற்புமன்று, கடமையுமன்று. பாதுகாப்பான இடத்தை நாடுவதும் காவல் நிலையத்தில் புகார் செய்வதுமே முறை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. குடியை மறக்கடிக்கும் மருந்து என்று விற்கப்படுவதை உணவில் இரகசியமாகக் கலந்து கொடுப்பது பெருந்தவறு. குடிநிறுத்தத்திற்குப் பயன்படும் டைசல்ஃபிரம் என்னும் மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து இதயம் பாதிக்கப்படலாம், உயிரிழப்பும் நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில், நோயாளர் அறிந்து ஒப்புக்கொண்டு உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

பயன் உண்டா?

வெறும் பேச்சு குடியை நிறுத்துமா என்று வினவுவோர்க்கு விடை உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2020இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபெற்ற பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவர்களையும் உட்படுத்திய அம்மதிப்பாய்வு, இக்கூட்டங்களில் ஈடுபடுமாறு முறையாக வழிநடத்தப்பட்டவர்கள், வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களைக் காட்டிலும் தொடர்ந்து குடிக்காதிருப்பதில் மேலான நிலையில் இருந்தனர் என்று கண்டது. எல்லாரும் மீண்டுவிட்டனர் என்று அது கூறவில்லை. மீள்வதற்கு இது நல்ல வழிகளுள் ஒன்று என்பதே அதனால் பெறப்படுவது.

இடையில் வழுக்கி விழுபவரும் உண்டு. பல மாதம் குடிக்காதிருந்தவர் ஒரு திருமண விருந்தில் மீண்டும் தொட்டுவிடலாம். அப்போது வீட்டார் எல்லாம் போயிற்று என்று கைவிடுகின்றனர். அவரும் வெட்கத்தால் கூட்டத்திற்குச் செல்வதை நிறுத்திவிடுகிறார். வெட்கமே இங்குக் கொடிய பகை. குடித்துவிட்டுத் திரும்பி வருபவருக்கும் கூட்டத்தில் நாற்காலி உண்டு. ஏன் குடித்தாய் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. வந்தது நல்லது என்றே கூறுவர். வீட்டிலும் அந்த ஒரு சொல் கிடைக்குமாயின் பாதி வழி கடந்தாகிவிட்டது.

அடியார் கூட்டமும் ஆலயத்தின் பங்கும்

கூடியிருந்து மீள்வது என்பது நம் நெறிக்குப் புதிதன்று. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பெரியாரைத் துணைக்கோடலுக்கும் சிற்றினம் சேராமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களைக் கொண்டது. அவற்றுள் இறுதியானது, மலம் நீங்கியவர் அன்பரோடு கூடி வாழ வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது. ஞானம் பெற்றவர்க்கே கூட்டுறவு வேண்டுமென்றால், நோயிலிருந்து நேற்று மீண்ட ஒருவர்க்கு அது எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நோக்கில் ஆலயங்கள் செய்யத்தக்கவை சில உள்ளன. அவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, வாரம் ஒருநாள் மாலையில் ஓர் அறையைத் தருவது. தைப்பூசத்திற்கு முன்னர் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் அது திறந்திருக்க வேண்டும். அலுவலகத்தின் வழியாகச் செல்லாமல் பக்கவாட்டு வாயிலில் நுழையும் அறையாயின் மிகவும் நன்று. வந்தவர் யார் என்று பார்ப்பதற்கு அங்கே எவரும் நிற்கலாகாது.

இரண்டாவது, கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் குடியிலிருந்து மீண்டவர்களிடமே விட்டுவிடுவது. நிர்வாகக் குழுவினர் தலைமை தாங்கத் தேவையில்லை. அறையும், விளக்கும், ஒரு வாளித் தேநீரும் தந்து விலகி நிற்பதே அவர்கள் செய்யும் பேருதவி.

மூன்றாவது, மீண்டவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தாமல் இருப்பது. இது கடினமான வேண்டுகோளாகத் தோன்றலாம். நல்லது செய்தவரைப் பாராட்டுவது நம் பண்பாடு. ஆயினும், பெயர் வெளியாகாது என்ற நம்பிக்கையில்தான் அவர் வந்து அமர்கிறார். ஒருவருடைய புகைப்படம் மலரில் வந்துவிட்டால், அதைக் கண்ட பத்துப் பேர் அக்கூட்டத்திற்கு வரவே மாட்டார்கள். மீண்டவர் நாளை தடுமாறினால், ஊரறியப் பெற்ற பொன்னாடையே அவருக்குப் பெருஞ்சுமையாகிவிடும்.

நான்காவது, காப்புக் கட்டும் நாளிலேயே காப்பு அவிழும் நாளைப் பற்றிப் பேசுவது. விரதம் பூணுவோர் பெயர்களைப் பதிவு செய்யும்போது, அருகிலுள்ள கூட்டங்களின் நாளும் நேரமும் அச்சிட்ட ஒரு சிறு தாளை அனைவரிடமும் கொடுக்கலாம். அனைவர்க்கும் கொடுப்பதால் எவரும் குறிவைக்கப்பட்டதாக எண்ணமாட்டார். வேண்டியவர் வைத்துக்கொள்வார், வேண்டாதவர் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பார்.

ஐந்தாவது, திருவிழா முடிந்த இரவில் மண்டபத்தின் பின்புறம் என்ன நடக்கிறது என்பதைக் கவனிப்பது. பந்தல் பிரிக்கும் தொண்டர்களுக்கு நன்றி கூறும் வகையில் புட்டிகள் திறக்கப்படும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால், அதே இரவில் காப்பு அவிழ்த்த ஒருவர் அங்கே நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கக்கூடும். தொண்டர்களுக்கு நல்ல உணவு கொடுக்கலாம். கோழிச் சோறும் குளிர்பானமும் போதும்.

பெருமக்களே, இவ்வாண்டு விரதத்தில் 48 நாள் குடிக்காதிருந்தவர் அனைவரும் ஓர் உண்மையை மெய்ப்பித்துள்ளனர். துணை இருந்தால் குடிக்காமல் வாழ இயலும் என்பதே அது. அத்துணையை 49ஆம் நாளும் தேடிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு வழிகாட்டும் கடமை குடும்பத்தாருக்கும் ஆலயத்திற்கும் உண்டு. இன்றிரவு வீடு திரும்பியதும், அடுத்த கூட்டம் எந்நாளில், எந்த நேரத்தில் என்று ஒரே ஒருவர் விசாரித்து அறிவாராயின், இவ்வுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவர்க்கும் கூடுவதாக!